உடைந்த தட்டும் பூட்டிய அலுமாரியும்

இரண்டு இலக்கத்துக்கு மேல் என் காதில் நிற்காது. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. ஒருவர் தொலைபேசி இலக்கம் ஒன்றைச் சொல்லத் தொடங்கி, இரண்டோடு நிறுத்தினால் திருப்பிச் சொல்வேன். மூன்றாவது வந்தால் மூன்றும் குழம்பிப் போகும். சைபர் ஏழு என்பது வரை நான் கெட்டிக்காரி. ஆனால் இந்த நாட்டில் எல்லாருடைய கைத்தொலைபேசியும் சைபர் ஏழில்தான் தொடங்குகிறது. அதனால் அந்தக் கெட்டித்தனத்துக்கு மதிப்பில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு எனக்குச் சின்னதாக ஒரு பாரிசவாதம் வந்தது. கோணிய வாய் ஒரு கிழமையில் நேராகியது. வலது கை ஒரு மாதத்தில் பழையபடி தேங்காய் துருவியது. இந்த இலக்கக் கோளாறு மட்டும் போகவில்லை. போகாவிட்டால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மறதிக்காரி என்று என்னைச் சொன்னபோதுதான் நான் எழும்பி நின்றேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், எழுதுவதும் அப்படித்தான். இதை எழுதி முடிக்க எத்தனை நாள் போனாலும் போகட்டும். எனக்கு அவசரம் இல்லை.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டியவர். இந்தக் கரையோர வீதியில் அவர் நிறுத்தாத ஹோல்ட் இல்லை. எனக்குப் பாரிசவாதம் வந்த அடுத்த வருடம் அவருக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைப்பாரா என்று இருந்தவர் பிழைத்து வந்தார், அல்ஹம்துலில்லாஹ். நடப்பார், சாப்பிடுவார், தொழுவார், பகிடி விடுவார். ஆனால் காய்ச்சலுக்குப் பிறகு நடந்த எதுவும் அவருக்குள் தங்குவதில்லை. ஏழு இலக்கம் சொன்னாலும் அந்த நிமிடமே மணி மணியாகத் திருப்பிச் சொல்வார். கொஞ்ச நேரம் வேறு கதை கதைத்துவிட்டுக் கேட்டால், இலக்கமும் இருக்காது, இலக்கம் சொன்ன ஆளும் இருக்கமாட்டார்.

அவருடைய காக்கா, கூடப்பிறந்த மூத்தவர், அந்தக் காய்ச்சலுக்குப் பிறகுதான் மௌத்தானார். காக்கா எங்கே என்று கேட்டபோது உள்ளதைச் சொன்னேன். குழந்தை போல் அழுதார். மறுநாள் மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். முதல் தரம் கேட்பவர் அழுவது போலவே அழுதார். அதோடு நிறுத்திவிட்டேன். இப்போது கேட்டால், ஊரில் இல்லை என்பேன். அது பொய்யுமில்லை.

எங்கள் வீடு இரண்டு அறையும் ஒரு குசினியும். அவர் நின்று கட்டுவித்த வீடு. கண்ணை மூடிக்கொண்டும் கிணற்றடிக்குப் போய், தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூ எடுத்து வருவார். வேறு வீட்டில் அது நடக்காது. பெருநாளுக்கு மகனுடைய வீட்டுக்கு, அதாவது மருமகளின் வீட்டுக்கு, நிந்தவூருக்குப் போனோம். ஒரு பகலுக்குள் எத்தனையோ தரம் எழும்பி வாசலில் போய் நின்று, "ஆர்ர வீடு இது? வா போவம்" என்றார். அங்கே ஒரு வருடம் இருந்தாலும் அது அவருக்கு முதல் நாள்தான்.

எல்லாம் ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. மகன் புது இலக்கம் எடுத்திருந்தான். இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் மகள் அதைச் சொல்வதற்காக என்னை அழைத்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவள். எவரையும் திருப்பிச் சொல்ல வைக்காமல் விடமாட்டாள். நாலு தரம் சொன்னாள். நாலு தரமும் எனக்கு வரவில்லை. ஐந்தாம் தரம் நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அடுத்த வியாழக்கிழமையே ஒரு தனியார் கிளினிக்கில் எனக்கு நேரம் எடுத்துவிட்டாள்.

மஃரிபு தொழுதுவிட்டு ஆட்டோவில் போனோம். டொக்டர் இளம் பிள்ளை. வேறு ஊரிலிருந்து வந்து போகிறவர், நல்ல மரியாதையான பிள்ளை.

"அம்மா, இண்டைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

அவர் ஏதோ எழுதினார். "திகதி?"

"பிறை பதினெட்டு."

அதையும் எழுதினார்.

எங்களுக்கு மஃரிபு பாங்கோடு அடுத்த நாள் பிறந்துவிடும். வியாழன் சூரியன் அடைந்தால் வெள்ளி இரவு. எங்கள் தெருவில் அந்த நேரம் வீட்டுக்கு வீடு யாசீன் ஓதும் சத்தம் கேட்கும். பாங்குக்கு முன்னால் கேட்டிருந்தால் நானும் வியாழன் என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தப் பிள்ளைக்கு இது தெரியாதது குற்றமில்லை. நான் மகளைப் பார்த்தேன். அவள் கைப்பையின் சிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"மூண்டு சொல் சொல்லுறன் அம்மா. திருப்பிச் சொல்லுங்கோ. பூட்டு, மாம்பழம், கதிரை."

எனக்குக் கதிரை மட்டும் வந்தது. அவர் பொறுமையாக மறுபடியும் சொன்னார், மறுபடியும் சொன்னார். மூன்று தரத்திலும் மூன்றும் சேர்ந்து வரவில்லை. இலக்கம் சொன்னார். இரண்டோடு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அந்த மூன்று சொல்லையும் கேட்பது வழக்கமாம். என்னிடம் கேட்கவில்லை. பிடிக்காத மீனை எப்படிக் கறியாக்குவது என்று நினைத்திருப்பார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் மகளிடம் சொன்னேன். "பூட்டு, மாம்பழம், கதிரை."

"இப்ப சென்னா என்ன உம்மா? அங்க செல்லல்லயே."

"அங்க ஆர் கேட்ட?"

அவள் வெளியே பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகனும் வந்தான், மகளோடு மருமகனும் வந்தார். மருமகன் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். என்னோடு கதைக்கும்போது சத்தத்தைக் குறைத்துத்தான் கதைப்பார். மூன்று பேரும் முன் அறையில் இருந்து ஒரு முடிவு எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு மறதிக்காரரை ஒரு வீட்டில் தனியே விட ஏலாதாம். வாப்பாவை நிந்தவூருக்கு மகன் கொண்டு போவானாம். நான் மகளோடு இருப்பதாம். மகளின் வீட்டில் ஒரு ஆளுக்குத்தான் இடம் மிச்சமாம்.

"கிழம தெரியாதவ எப்படி உம்மா வாப்பாக்கு மருந்துக் குளிச கொடுக்கிற?" என்றாள் மகள்.

"நீ போன வியாழன் மஃரிபுக்குப் பிறகு வீட்ட என்ன ஓதின?"

"யாசீன்."

"ஏன் ஓதின?"

அவள் தம்பியைப் பார்த்தாள். மகன்தான், "வெள்ளி இரவெண்டா ஓதுறதானே" என்றான்.

"அப்ப ஒங்கட ராத்தாக்கும் கிழம தெரியா. அவவயும் ஒரு வீட்ட கொண்டு வைங்க."

மருமகன் சிரிப்பை அடக்க மூக்கைத் தடவினார். மகளின் கண் கலங்கியது. எனக்கு அது பாவமாக இல்லை. வீட்டில் ஒரு கணக்கு, டொக்டர் முன்னால் ஒரு கணக்கு என்று அவள் இருந்தது எனக்கு அந்தப் பாரிசவாதத்தை விட வலித்தது. ஆனாலும் முடிவு மாறவில்லை. அடுத்த திங்கள் விட்டு மற்றத் திங்கள் வாகனம் கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு மகன் போனான்.

அந்தக் கிழமை புதன்கிழமை என் வீட்டுக்காரருக்கு மட்டக்களப்பில் கிளினிக். வழமையாக மகள்தான் லீவு போட்டுக் கூட்டிப் போவாள். அன்றைக்கு நான் அவளுக்குச் சொல்லாமல், காலை ஆறு மணிக்கே கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு அவரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். ஒரு கிழவி, மறதிக்காரி, தன்னை விடப் பெரிய மறதிக்காரரைப் பிடித்துக்கொண்டு போகிறாள். ஊர் பார்த்தால் பார்க்கட்டும்.

பஸ்ஸில் அவர்தான் எனக்கு வழி காட்டினார். "இன்னா மருதமுன. இனிப் பெரிய நீலாவண. கல்லாத்துப் பாலத்துல இவன் கியர் மாத்தாட்டிப் பாரு." களுவாஞ்சிக்குடி, செட்டிபாளையம், ஆரையம்பதி என்று ஒன்றும் தவறவில்லை. இடையில் நாலு தரம், "எங்க போறம் புள்ள?" என்று கேட்டார். நாலு தரமும் சொன்னேன்.

அங்கே இருக்கும் டொக்டர் அம்மா நரைத்த தலை. என் வீட்டுக்காரரைக் காய்ச்சல் நாளிலிருந்து பார்ப்பவர். அவரைப் பார்த்து முடித்ததும் நான் என் கதையைச் சொன்னேன். ஒருவரும் என்னைப் பிரித்து வைக்க முன்னம் என் தலையையும் ஒருக்காப் பாருங்கள் என்றேன். பின்னால் ஆட்கள் நின்றார்கள். "எல்லாரையும் முடிச்சிட்டுக் கூப்பிடுறன், இருங்க உம்மா" என்றார். பகல் ஒரு மணிக்குக் கூப்பிட்டார்.

முதலில் என் வீட்டுக்காரருக்கு இலக்கம் சொன்னார். ஏழு இலக்கத்தையும் அவர் பிசகாமல் திருப்பிச் சொன்னார். எனக்குச் சொன்னார். இரண்டு. பிறகு ஒரு கடதாசியில் இலக்கங்களை எழுதிக் காட்டி, மூடிவிட்டுக் கேட்டார். எனக்கு நாலு வந்தது. டொக்டர் அம்மா நிமிர்ந்து இருந்தார். பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சின்னக் கதை சொன்னார். சந்தைக்குப் போன ஒருத்தி மழைக்குக் கடையில் ஒதுங்கி, கைப்பையை அங்கேயே விட்டுவிட்டு வந்த கதை. தேத்தண்ணி வரவழைத்துத் தந்தார். குடித்து முடித்த பிறகு கேட்டார். நான் என் வாயில் வந்தபடி முழுக் கதையையும் சொன்னேன். கடைக்காரன் ஓடி வந்து பையைக் கொடுத்தது வரை சொன்னேன். என் வீட்டுக்காரர் டொக்டர் அம்மாவிடம், "என்ன கதை? நீங்க ஆர், மகள்?" என்றார்.

டொக்டர் அம்மா கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"உம்மா, இத நான் கண்டுபிடிக்கல்ல. கன காலத்துக்கு முதலே ஆராய்ச்சி செய்தவங்க கண்ட விசயம். ஞாபகம் எண்டுறது ஒண்டு இல்ல. இப்ப கேட்டத இப்பவே வச்சிரிக்கிறதுக்கு ஒரு சின்னத் தட்டு. நாள்க்கணக்கா வைக்கிறதுக்கு ஒரு அலுமாரி. இவருக்குத் தட்டு நல்லம். அலுமாரிதான் பூட்டிற்று. பழைய சாமான் உள்ள இரிக்கி, புதுசு போகாது. ஒங்களுக்கு அலுமாரி நல்லம். தட்டு உடஞ்சிற்று. உங்களப் போல ஆக்களும் இவரப் போல ஆக்களும் இருந்தபடியாத்தான், ரெண்டும் வேற வேற எண்டு நிச்சயமா சொல்ல முடிஞ்ச."

நான் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். பிறகு கேட்டேன்.

"தட்டுல வச்சுத்தான் அலுமாரிக்குக் கொண்டுபோறெண்டா, என்ர தட்டு உடஞ்சி மூணு வருசம். அப்ப அந்தக் கடக்காரன் எப்படி உள்ள போன?"

டொக்டர் அம்மா சிரித்தே விட்டார். "இதக் கேட்டுத்தான் படிச்சவங்களும் சண்ட பிடிச்சவங்க. பிறகுதான் யோசிச்சாங்க, தட்டு ஒண்டு இல்ல, காதால வாறதுக்கு ஒண்டு, கண்ணால வாறதுக்கு வேற ஒண்டு எண்டு. உங்களுக்குக் காதுத் தட்டுத்தான் உடஞ்சிரிக்கி. கருத்து வேற வழியால உள்ள போகுது."

நாலாம் வகுப்போடு நின்றவள் கேட்ட கேள்வி படித்தவர்கள் கேட்ட கேள்வி என்பதை நான் இன்று வரை பதினைந்து பேருக்காவது சொல்லியிருப்பேன். இன்னும் சொல்வேன்.

சுகமான ஆட்களின் தலையிலும் இந்த இரண்டு இடத்தையும் பிரித்துக் காட்டலாம் என்று அவர் ஒரு வேலையும் சொல்லித் தந்தார். கிளினிக் கொப்பியில் எனக்காக நாலு வரி எழுதினார். வீட்டுக்கு வந்ததும் மகள் அதை வாசித்தாள். நான் சொல்லாமல் போனதற்கு முதலில் ஏசினாள். பிறகு, "டொக்டர்மார் ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு எழுதுவாங்க" என்றாள்.

"அப்ப வெள்ளிக்கிழம ஜும்ஆக்குப் பிறகு தம்பியையும் மருமகனையும் வரச் செல்லு. நான் ஒரு டெஸ்ட் வைக்கன்."

வந்தார்கள். ஆணமும் சோறும் தின்று முடியும் வரை நான் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு மருமகனிடம், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பன்னிரண்டு சாமான் எழுதச் சொன்னேன். எழுதினார். மகனைக் குசினிக்கு அனுப்பிவிட்டு, மகளையும் என் வீட்டுக்காரரையும் இருத்தினேன். மருமகன் மெதுவாக வாசித்தார். உப்பு, குடை, ஆணி, தலையணை, கிடுகு, சீப்பு, மணல், தேங்காய், மணிக்கூடு, வாளி, சவர்க்காரம், ஏணி.

மகள் உடனேயே, "ஏணி, சவர்க்காரம், வாளி" என்று பின்னாலிருந்து பிடித்தாள். பிறகு உப்பு, குடை, ஆணி. நடுவில் ஓட்டை. என் வீட்டுக்காரர், "சவர்க்காரம், ஏணி. வேற என்ன இரிக்கி?" என்றார். முன்னால் கேட்டது ஒன்றும் அவரிடம் இல்லை.

பிறகு மகனைக் கூப்பிட்டு இருத்தி, அதே பன்னிரண்டையும் அவனுக்கு வாசிக்க மருமகனிடம் சொன்னேன். ஆனால் வாசித்து முடிந்ததும் மகனைச் சொல்ல விடவில்லை. நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணச் சொன்னேன். டொக்டர் அம்மா சொல்லித் தந்த கள்ளம் இதுதான்.

"நூறு, தொண்ணூத்தேழு, தொண்ணூத்தி நாலு… உம்மா, என்னத்துக்கு இது?"

"எண்ணு மனே. கதைக்காத."

எழுபதுகளில் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினேன். "இப்ப செல்லு."

"உப்பு. குட. ஆணி. தலையண." நின்றான். "தேங்காய் இருந்திச்சா?"

"கடைசியா வாசிச்ச என்ன?"

கூரையைப் பார்த்தான். கிடைக்கவில்லை. மகளுக்கு முதலில் வந்த ஏணியும் சவர்க்காரமும் அவனிடம் அடியோடு இல்லை.

"முதல் கேட்டது அலுமாரிக்குள்ள போயிற்று. கடைசியாக் கேட்டது தட்டுல இருந்த. எண்ணச் சென்னதும் தட்டு சரிஞ்சிற்று. ஒங்கட தலையிலயும் ரெண்டு இடந்தான் இரிக்கி. எனக்கு அதுல ஒண்டு சரிஞ்சே கிடக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்."

மருமகன் மெதுவாகச் சொன்னார். "மாமி, இது விளையாட்டுப் போலயல்லவா இரிக்கி."

"டொக்டர்ர மாம்பழமும் விளையாட்டுத்தானே மருமகன். அத வச்சுத்தானே மாமாவக் கொண்டுபோகப் போறீங்க."

அவர் கடதாசியை மடிக்கப் போனார். அந்தப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி, மூன்று தரம் எனக்கு வாசிக்கச் சொன்னேன். திருப்பிச் சொல்லமாட்டேன், திங்கட்கிழமை வாருங்கள், அப்போது சொல்கிறேன் என்றேன். கடதாசியை அவரே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை மகன் வாகனத்தோடு வந்தான். கையில் ஒரு பெரிய நீலப் பை, வாப்பாவின் உடுப்புப் போட. மகளும் மருமகனும் வந்தார்கள். நான் கதவடியில் நின்றபடியே சொன்னேன். உப்பு, குடை, ஆணி, தலையணை, கிடுகு. வரிசை கொஞ்சம் மாறியது. மணலுக்கு முன்னால் தேங்காயைச் சொல்லிவிட்டேன். ஆனால் பன்னிரண்டும் வந்தது. எழுதியவர் மருமகன்தான். சரிபார்க்க அவருக்குத்தான் சட்டைப் பையில் கை விட வேண்டி வந்தது. அது வேறு சட்டை.

"சரிதான் போல" என்றார்.

"போல இல்ல. சரிதான்."

மகள் கதிரையில் இருந்தாள். இந்தத் தரம் அவள் டீச்சராகக் கதைக்கவில்லை. "உம்மா, அந்த டொக்டர்ட நான் வாயத் துறந்திருக்கணும். பிழதான். ஆனா வாப்பா ஒரு நாள் உழுந்தா? அவசரத்துக்கு எங்களக் கூப்பிடுற எப்படி?"

அது நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்கு நான் கோபப்படுவதில்லை. "எனக்குக் காதாலதான் ஏலா. கண்ணால ஏலும். சுவருல எழுதுங்க. ரெண்டு ரெண்டா, இடம் விட்டு எழுதுங்க. ரெண்டப் பாத்து அமத்துவன், அடுத்த ரெண்டப் பாத்து அமத்துவன்."

மகன் பையை மற்றக் கதிரையில் வைத்துவிட்டு, ஒரு கறுப்புப் பேனையால் தொலைபேசிக்கு மேலே சுவரில் எழுதினான். மகளுடையது, தன்னுடையது, மருமகனுடையது. அமத்திக் காட்டச் சொன்னான். அமத்தினேன். அவன் சட்டைப் பைக்குள் மணி அடித்தது. அடித்துக்கொண்டிருந்த தொலைபேசியை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு வாப்பாவின் பக்கத்தில் போய் இருந்தான். "வாப்பா, எங்கட வீட்ட வந்து இரிக்கிறீங்களா?"

"என்னத்துக்கு? நான் என்ர வீட்டதானே இரிக்கன்."

மகன் என்னைப் பார்த்தான். நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன். சொல்லவேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது. மருமகன், கடை திறக்க நேரமாகிவிட்டது என்றார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மூவரும் வாகனத்தில் ஏறிப் போனார்கள்.

கோப்பைகளைக் கழுவிவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆர்ர பேக் புள்ள இது?"

"மகன்ர. மறந்திட்டுப் போயிட்டான்."

"அவனுக்குச் சின்னதுலேயே மறதிதான்" என்றார்.

"ஓம்" என்றேன்.